செயற்கைக் கையோடு 11 வருடம்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

வலது முன்கையில் பாதியை ஓர் இயந்திரத்தில் இழந்தவன் நான். முதல் 5 வருடம் கொக்கிக் கை, அப்புறம் மின்கை. மருத்துவன் இல்லை, மாட்டிக்கொண்டு வாழ்கிறவன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அண்ணா, அறுவை முடிந்து 3 வாரம். வீக்கம் இருக்கிறது. கைக்கு எப்போது அளவெடுக்கலாம்?

தையல் ஆறி, வீக்கம் ஓரளவு வடிந்ததும். அதுவரை எலாஸ்டிக் பேண்டேஜை எட்டுப் போல குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றுங்கள். நுனியில் இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு. வளையம் வளையமாகச் சுற்றினால் ரத்த ஓட்டம் தடைப்படும். முதல் வருடம் மீதிக் கை மெலிந்துகொண்டே இருக்கும் என்பதால் முதல் சாக்கெட், அதாவது மீதிக் கை நுழையும் கூடு, நிரந்தரமில்லை. அதற்காகத் தள்ளிப்போடவும் வேண்டாம். ஒரு மாதத்துக்குள் பொருத்திக்கொண்டவர்களில்தான் அதிகம் பேர் கையைத் தொடர்ந்து பயன்படுத்தினார்கள் என்று 1984-இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. காரணம் எளிது: ஒற்றைக் கையால் எல்லாம் செய்யப் பழகிவிட்டால் இன்னொன்று சுமையாகத்தான் தெரியும்.

இல்லாத விரல்கள் வலிக்கின்றன. வீட்டில் சொன்னால் பயப்படுகிறார்கள்.

உங்களுக்குப் புத்தி பிசகவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த வீரர்களைப் பார்த்த வெயர் மிட்செல் என்ற மருத்துவர் 1871-லேயே இதற்கு 'மாய உறுப்பு' என்று பொருள்படும் பெயரை வைத்துவிட்டார். கை போனாலும் மூளையில் அதற்கான இடம் இருக்கிறது, அங்கிருந்து வருகிற வலி இது.

எனக்கு விரல்கள் இறுக மூடி, நகம் உள்ளங்கையில் குத்துவதுபோல இருக்கும். திறக்க முடியாது, திறக்கக் கையே இல்லையே! 1990-களில் நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் பிரபலமாக்கிய கண்ணாடிப் பயிற்சிதான் எனக்கு உதவியது. நடுவில் கண்ணாடியை நிறுத்தி, மீதிக் கையை அதன் பின்னால் மறைத்து, நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்தபடி மெதுவாக மூடித் திறக்க வேண்டும். தினமும் கால் மணி நேரம். எல்லோருக்கும் பலிக்காது. நரம்பு வலிக்கென்றே மருந்துகள் உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள். ஒரே ஓர் இடத்தைத் தொட்டால் மட்டும் ஷாக் அடிக்கிறது என்றால் அது வேறு, நரம்பு நுனியில் முடிச்சாக இருக்கலாம். அதையும் சொல்லிவிடுங்கள்.

கொக்கியா, மின்கையா? எது நல்லது?

என்ன வேலை செய்கிறீர்கள் என்று சொல்லாமல் கேட்டால் எப்படி? இரண்டாகப் பிரிந்து திறக்கும் பிளவுக் கொக்கிக்கு 1912-இல் காப்புரிமை வாங்கிய டோரன்ஸ், மர அறுவை ஆலையில் கையை இழந்தவர். அந்த அமைப்பு இன்றும் அப்படியேதான் இருக்கிறது. எதிர்த் தோளில் ஒரு பட்டை, அதிலிருந்து ஒரு கேபிள். தோளை முன்னால் தள்ளினால் கொக்கி திறக்கும், ரப்பர் வளையம் மூடும். பார்க்க அழகில்லை. ஆனால் தண்ணீர், தூசி, எண்ணெய் எதற்கும் அஞ்சாது, கேபிளின் இழுப்பிலேயே எவ்வளவு திறந்திருக்கிறது என்று தோளுக்குத் தெரியும்.

மின்கையில் முன்கைத் தசைகள் இறுகும்போது எழும் நுண்ணிய மின்சாரத்தைச் சாக்கெட்டுக்குள் இருக்கும் மின்முனைகள் பிடிக்கின்றன. மணிக்கட்டை மேலே மடக்க நினைத்தால் திறக்கும், கீழே நினைத்தால் மூடும். பிடி வலுவானது, பட்டைத் தொல்லை இல்லை. ஆனால் கனம், தினமும் சார்ஜ், பெரும்பாலான மின்கைகளுக்குத் தண்ணீர் ஆகாது. கையைத் தலைக்கு மேல் தூக்கினால் சில நேரம் தானாகத் திறந்துகொள்ளும். கண்ணாடித் தம்ளரோடு இதை அறிந்துகொண்டேன். இன்றும் தோட்ட வேலைக்குப் பழைய கொக்கிதான்.

முதல் நாளே 6 மணி நேரம் போட்டேன், கொப்புளம் வந்துவிட்டது.

ஆர்வக்கோளாறு, நானும் செய்தேன். ஆறும்வரை மாட்டாதீர்கள். அப்புறம் அரை மணி நேரத்தில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் கழற்றித் தோலைப் பாருங்கள். சிவப்பு 20 நிமிடத்தில் மறைந்தால் சரி. மறையாவிட்டால் சாக்கெட்டைத் திருத்த வேண்டும், நீங்களே அரத்தை எடுக்காதீர்கள். மீதிக் கையை இரவில் கழுவுங்கள், காலையில் கழுவி ஈரத்தோடு மாட்டினால் தோல் உரியும்.

காகிதக் கப்பைப் பிடித்தால் நசுங்குகிறது சார்.

விரலுக்கு உணர்ச்சி இல்லை, கண்ணும் மோட்டார் சத்தமும்தான் வழி. பஞ்சு, காலிக் கப் என்று பழகுங்கள். ஆனால் கப்பை ஏன் அந்தக் கையில் பிடிக்க வேண்டும்? நல்ல கை வேலை செய்யட்டும், இது பாட்டிலை அழுத்திப் பிடிக்கட்டும், காகிதத்தை நகராமல் வைக்கட்டும். இதை ஒப்புக்கொள்ள எனக்கு 2 வருடம் ஆனது. வலது கை செய்ததையெல்லாம் இதைச் செய்ய வைத்து, தோற்றுத் தோற்று எரிச்சல்பட்டதுதான் மிச்சம்.

என் மகளுக்கு 8 வயது, பிறவியிலேயே ஒரு முன்கை இல்லை. மாட்ட மறுக்கிறாள்.

அம்மா, நாம் எதையோ இழந்தவர்கள், அவள் எதையும் இழக்கவில்லை. முழங்கை மடிப்பிலும் தாடையிலும் பிடித்து எல்லாம் செய்வாளே, கவனித்தீர்களா? சைக்கிள் கைப்பிடி போன்ற ஒரு வேலைக்கு மட்டும் கருவி வேண்டுமா என்று அவளிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

நல்ல கையின் தோள் வலிக்கிறது.

இரண்டு கை வேலையை ஒன்று செய்தால் வலிக்காமல் என்ன செய்யும்? இயன்முறை மருத்துவரைப் பாருங்கள், இந்த வாரமே. நான் தள்ளிப்போட்டு, சட்டை மாட்டவே 3 மாதம் ஆள் தேடினேன்.