கிரீடம் ஒன்று, சாஷ் பத்து: அழகிப் போட்டி சப் டைட்டில்கள் பற்றிக் கேள்வி பதில்

புதுச்சேரி, கடலூர் பக்கத்திலிருந்து வந்த கேள்விகள் இவை. போட்டிக்குப் போகிற பெண்கள், அனுப்புகிற பெற்றோர், உடை செய்கிறவர்கள், கல்லூரியில் போட்டி நடத்துகிறவர்கள் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து ஒரே பதிலாக எழுதியிருக்கிறேன். சப் டைட்டில் என்றால் கிரீடம் தவிரக் கொடுக்கும் துணைப் பட்டம். சாஷ் என்றால் பட்டத்தின் பெயர் எழுதித் தோளில் குறுக்கே போடும் பட்டை.

லாஸ்பேட்டை: அக்கா, தேசியப் போட்டியில மிஸ் போட்டோஜெனிக், பியூட்டிஃபுல் ஸ்மைல்னு நிறைய சப் டைட்டில் குடுக்கறாங்களே, அதுல ஜெயிச்சா கிரீடத்துக்கும் மார்க் கூடுமா?

பெரும்பாலும் கூடாது. 1994 ஃபெமினா மிஸ் இந்தியாவில் மிஸ் கேட்வாக், மிஸ் போட்டோஜெனிக் உள்ளிட்ட சப் டைட்டில்களை ஐஸ்வர்யா ராய் வாங்கினார். கிரீடம் சுஷ்மிதா சென்னுக்குப் போனது. அதே ஆண்டு ஐஸ்வர்யா மிஸ் வேர்ல்டு, சுஷ்மிதா மிஸ் யுனிவர்ஸ் ஆனது வேறு கதை.

மார்க் போடுவது யார் என்பதை முதலில் பாருங்கள். சிரிப்பு, தலைமுடி, சருமம் இந்த மூன்றும் பெரும்பாலும் ஸ்பான்சர் கம்பெனி வைக்கும் பட்டங்கள். போட்டோஜெனிக்கில் புகைப்படக்காரர் சொல்லுக்கு எடை அதிகம். கன்ஜினியாலிட்டி, அதாவது எல்லோரோடும் நன்றாகப் பழகுகிறவர் பட்டம், போட்டியாளர்களே போடும் ஓட்டு. பாப்புலர் பட்டம் பொதுமக்கள் ஓட்டு. டேலன்ட், நேஷனல் காஸ்ட்யூம் போன்றவற்றுக்குத் தனி நடுவர்கள் உட்காருவார்கள்.

மிஸ் வேர்ல்டு இதில் விதிவிலக்கு. அங்கே டேலன்ட், ஸ்போர்ட்ஸ், டாப் மாடல் போன்றவை ‘ஃபாஸ்ட் டிராக்’. ஜெயித்தால் அடுத்த சுற்றில் இடம் உறுதி. ஆனால் இடம் மட்டும்தான். 2025இல் ஹைதராபாத்தில் நடந்த போட்டியில் இந்தியாவின் நந்தினி குப்தா ஆசியா-ஓசியானியா அளவில் டாப் மாடல் ஜெயித்து, முதல் 20 பேரில் வந்து, அதோடு நின்றார். விதிமுறைத் தாளில் ‘இந்தப் பட்டம் இறுதிச் சுற்றுக்குக் கணக்கில் வருமா’ என்ற வரியைத் தேடிப் படியுங்கள். அந்த வரி இல்லையென்றால் அது சாஷ் மட்டும்தான் என்று வைத்துக்கொண்டு செலவைத் திட்டமிடுங்கள்.

முத்தியால்பேட்டை: கண்ணாடியில நல்லா இருக்கிற மேக்கப், ஃபிளாஷ் போட்டோவுல மட்டும் சாம்பல் பூசின மாதிரி வருது. போட்டோஜெனிக் ரவுண்டுக்கு என்ன பண்ணலாம்?

காரணம் இரண்டில் ஒன்று. நிறமில்லாத சிலிகா பவுடர், இல்லையென்றால் ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீன். இந்த வெள்ளைத் துகள்கள் ஃபிளாஷ் வெளிச்சத்தை நேராகக் கேமராவுக்கே திருப்பி அனுப்பும். கறுப்பு, மாநிறச் சருமத்தில் இது பளிச்சென்று தெரியும். ஷூட் அன்று அந்தச் சன்ஸ்கிரீனை விடுங்கள். உங்கள் நிறத்துக்கே உள்ள பவுடரை நெற்றி, மூக்கு, மோவாய் மூன்று இடத்தில் மட்டும் அழுத்தி ஒற்றுங்கள், தேய்க்க வேண்டாம். முந்தின நாளே இருட்டறையில் போனில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை மேல் பவுடர் போட்டால் திட்டுத்திட்டாக நிற்கும். டிஷ்யூவால் ஒற்றிவிட்டுப் போடுங்கள். முகவாயைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, பிறகு இம்மி கீழே இறக்குங்கள். செய்யும்போது ஆமை மாதிரி அசட்டுத்தனமாக இருக்கும், படத்தில் தாடைக் கோடு தெளிவாக வரும்.

நெய்வேலி: கன்ஜினியாலிட்டி பட்டம் சும்மா ஆறுதல் பரிசுதானே?

ஆறுதல் பரிசு நடுவர் கொடுப்பது. இது, கூடவே தங்கிய போட்டியாளர்கள் கொடுப்பது. 30 பேர் இருந்தால் ஓட்டு பல பக்கம் சிதறி ஆறேழு ஓட்டிலேயே ஒருவர் ஜெயிக்கலாம். அதனால்தான் ஒரே மொழிக்காரர்கள், ஒரே தளத்து அறைக்காரர்கள் கூடிப் பேசி வைத்து ஓட்டைச் சாய்ப்பதும் நடக்கிறது. ஒவ்வொருவரையும் இரண்டு பெயர்கள் எழுதச் சொல்லி, முதல் பெயருக்கு 2, அடுத்ததுக்கு 1 என்று எண்ணினால் அந்தக் கூட்டணி பாதி உடைந்துவிடும்.

ஓட்டு வாங்கித் தருவது சிரித்த முகம் இல்லை. குளியலறையை நேரத்துக்குக் காலி செய்வது, பஸ்ஸை நிறுத்தி வைக்காதது, அடுத்தவர் ஜிப் அறுந்தால் ஊக்கு எடுத்துக் கொடுப்பது. நடிப்பு மூன்றாம் நாள் வெளுத்துவிடும்.

வில்லியனூர்: நேஷனல் காஸ்ட்யூமுக்கு நம்ம ஊர் கைவேலையைக் காட்டணும்னு ஆர்டர் வந்திருக்கு. சுடுமண்ணுல கிரீடம் பண்ணலாமா?

வேண்டாம். வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு இருப்பது உண்மைதான், ஆனால் தலையில் வைத்தால் கனம், பெட்டியில் வைத்தால் உடையும். புவிசார் குறியீடு வாங்கிய இன்னொரு கைவேலை பக்கத்திலேயே இருக்கிறது: திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மை. அந்த முறையில் செய்து மேலே செம்மண் நிறம் கொடுத்தால், மேடை தூரத்தில் சுடுமண்ணாகவே தெரியும். தெருக்கூத்துக் கட்டைகளை, அதாவது வேடக்காரர் கட்டும் மரக் கிரீடம், அணிகளை, லேசான கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குவதும் இதே காரணத்துக்குத்தான். ராத்திரி முழுக்கத் தலையில் தாங்க வேண்டும்.

அச்சுக்குத் தெர்மாகோல் விக் தலையை எடுத்துப் பிளாஸ்டிக் தாள் சுற்றுங்கள். தலை அளவைப் போட்டியன்று போடப்போகும் கொண்டையோடு எடுங்கள். வெறுந்தலையில் அளவெடுத்துச் செய்த கிரீடம் கடைசி நிமிடத்தில் ஏறாது. செய்தித்தாளைக் கத்தரிக்காமல் கையால் கிழியுங்கள், கிழிந்த விளிம்புதான் ஒன்றோடொன்று ஒட்டி மறையும். மைதாப் பசையில் பாதிக்கு ஃபெவிகால் கலந்து, ஒரு சிட்டிகை மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டால் பூச்சி அரிக்காது. மயில்துத்தம் விஷம், கையுறை போட்டு வேலை செய்யுங்கள், உள்பக்கம் நெற்றியில் படாமல் ஃபோம் ஒட்டுங்கள். ஆறிலிருந்து எட்டு அடுக்கு போதும். இரண்டு அடுக்குக்கு ஒருமுறை முழுசாகக் காய விட வேண்டும், அதுவும் நிழலில், ஃபேன் காற்றில். உச்சி வெயிலில் வைத்தால் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் நின்று கோணிக்கொள்ளும். விரலால் சுண்டிப் பாருங்கள். ‘தொப்’ என்றால் உள்ளே ஈரம், ‘டக்’ என்றால் காய்ந்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலைக்கு இரண்டு மடங்கு நாள் ஒதுக்குங்கள், இல்லையென்றால் போட்டி ஊருக்குப் போய்ப் பெட்டியைத் திறக்கும்போது பூஞ்சை வாசனை வரும்.

முழுக் கிரீடமும் ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. இறக்கை, தேர்ச் சக்கரம் மாதிரி முதுகில் ஏதாவது வைத்தால் பாரம் தோளில் விழாமல் இடுப்பு பெல்ட்டில் இறங்கும்படி அலுமினியச் சட்டம் கொடுங்கள். தோளில் தொங்கினால் பத்தாவது நிமிடத்தில் பெண் கூன் போட்டு நடப்பாள். மேடைக்கு வரும் கதவு மூன்றடிதான் இருக்கும், அகலமானதை எல்லாம் கீல் வைத்து மடக்குங்கள்.

அடுத்தது விமானம். செக்-இன் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பதுதான் வழக்கமான வரம்பு. 75, 50, 33 என்று ஒரு அட்டைப் பெட்டி அடித்து, அதற்குள் அடங்கும்படி உடையைத் துண்டு துண்டாகச் செய்யுங்கள். உள்நாட்டு டிக்கெட்டில் பெரும்பாலும் 15 கிலோதான், மற்றத் துணிமணியும் அதற்குள்தான். ஒவ்வொரு மூட்டுக்கும் எண் எழுதி, மாட்டும் வரிசையை வீடியோ எடுத்து அனுப்புங்கள். அங்கே மாட்டிவிடப் போவது நீங்கள் இல்லை.

சிதம்பரம்: டேலன்ட் ரவுண்டுக்கு 90 செகண்ட்தான் குடுத்திருக்காங்க. பரதத்துல எதைக் காட்டறது?

அலாரிப்பை வெட்டாதீர்கள், அது மெதுவாக ஏறும் உருப்படி. தில்லானாவின் கடைசிப் பகுதியிலிருந்து ஒன்றேகால் நிமிடத்தை எடுத்து, கோர்வையில் (அடவுகளைக் கோத்த தொடரில்) முடியுங்கள். மீதி நேரம் நுழைவுக்கும் நிற்பதற்கும். பாட்டை இரண்டு பென் டிரைவில் கொண்டு போங்கள், தொடக்கத்தில் இரண்டு செகண்ட் மௌனம் விடுங்கள், இல்லையென்றால் சவுண்ட் ஆள் அழுத்தும்போது முதல் அடி விழுங்கப்படும். எல்இடி தரையில் வெறுங்கால் வழுக்கும், ஒத்திகையிலேயே உள்ளங்காலை ஈரத்துணியில் துடைத்துவிட்டு ஏறிப் பாருங்கள். ஒன்றரை நிமிடம் முழுக்க ஜதி போட்டால் நடுவர்களுக்கு வேகம் மட்டும்தான் தெரியும். ஒரு இடத்தில் நான்கு எண்ணிக்கை அசையாமல் நில்லுங்கள்.

தேவனாம்பட்டினம்: ‘பியூட்டி வித் எ பர்ப்பஸ்’னு ஒரு விருது இருக்கே, அதுக்கு என்ன மாதிரி சேவை காட்டணும்?

மிஸ் வேர்ல்டில் 1972இல் ஜூலியா மோர்லி கொண்டுவந்தது அது. 2017இல் மகுடம் சூடிய மானுஷி சில்லர் இந்தப் பிரிவிலும் வென்றவர்களில் ஒருவர், அவர் எடுத்தது மாதவிடாய் சுகாதாரம். இங்கே செய்கிற தவறு, போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு அனாதை இல்லத்தில் சாப்பாடு போட்டுப் படம் எடுப்பது. அதை நடுவர்கள் நூறு தடவை பார்த்திருப்பார்கள்.

ஒரு குப்பம், ஒரு விஷயம், ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாப்கினை எடுத்துக்கொண்டால், முதலில் ஐம்பது வீட்டில் இப்போது என்ன பயன்படுத்துகிறார்கள், எங்கே போடுகிறார்கள் என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அதே ஐம்பது வீட்டில் அதே கேள்விகள். இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் உங்கள் வீடியோ. கொடுத்த நாப்கின் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கும் பதில் வேண்டும். கடற்கரை மணலில் புதைத்தார்கள் என்று வந்தால் சேவையே வினையாகிவிடும். குழந்தைகள் முகம் காட்டப் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

அரியாங்குப்பம்: நான் திருநங்கை. மிஸ் கூவாகம் மேடையைத் தாண்டி எங்களுக்கு இந்த சப் டைட்டில் எல்லாம் உண்டா மேடம்?

உண்டும்மா. சித்திரையில் விழுப்புரத்தில் நடக்கும் மிஸ் கூவாகம் முதல் மூன்று இடத்தோடு முடிகிறது. கடைசிச் சுற்றுக் கேள்வி பதிலில் எய்ட்ஸ் விழிப்புணர்வு, பொது அறிவு எல்லாம் கேட்பதால் அது நல்ல பயிற்சிக் களம். தாய்லாந்தின் பட்டாயாவில் 2004 முதல் நடக்கும் மிஸ் இன்டர்நேஷனல் குயின், திருநங்கைகளுக்கான போட்டி. அங்கே தேசிய உடை, டேலன்ட் என்று தனி விருதுகள் உண்டு. மிஸ் யுனிவர்ஸ் 2012இல் விதியை மாற்றியது, 2018இல் ஸ்பெயினின் ஆஞ்செலா போன்ஸே அந்த மேடையில் ஏறினார். பாஸ்போர்ட்டில் பெயரும் பாலினமும் மற்ற அடையாள அட்டைகளோடு ஒத்துப்போகிறதா என்று இப்போதே பாருங்கள். மேடைப் பயிற்சியை விட அதுதான் அதிக நாள் இழுக்கும்.

கடலூர் முதுநகர்: பொண்ணுக்கு ஸ்பான்சர் பட்டம் கிடைச்சா ஸ்கூட்டர் தருவாங்களாம். கையெழுத்துப் போடும்போது எதைப் பாக்கணும்?

மூன்று வரி. அவள் படத்தை எத்தனை மாதம், எந்தெந்த ஊடகத்தில் பயன்படுத்துவார்கள். அந்தக் காலத்தில் ஸ்பான்சருக்குப் போட்டியான வேறு கம்பெனி விளம்பரத்தில் நடிக்கத் தடையா. நிகழ்ச்சிகளுக்கு அழைத்தால் பயணச் செலவு யாருடையது. ‘எக்காலத்துக்கும்’ என்று எழுதியிருந்தால் ஓராண்டு என்று மாற்றச் சொல்லுங்கள், கேட்டால் பல இடத்தில் மாற்றித் தருவார்கள்.

வரியும் உண்டு. டிவியில் வரும் போட்டிப் பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவீதம் பிடித்தம், கணக்குத் தாக்கலில் 4 சதவீத செஸ் சேர்ந்து 31.2 ஆகும். உடை, பயணம் என்று செலவு காட்டிக் கழிக்க முடியாது. ஸ்கூட்டராகக் கொடுத்தால் அதன் மதிப்புக்கு வரி கட்டிய பிறகே வண்டியை ஒப்படைக்க வேண்டும், அந்தப் பணத்தைப் பல நேரம் ஜெயித்தவரிடமே கேட்பார்கள். ஒரு லட்சம் மதிப்பு வண்டிக்கு 30,000 ரூபாய் எடுத்து வைத்துக்கொண்டு ஆமாம் சொல்லுங்கள்.

கடலூர் முதுநகர், அதே அம்மா: நீச்சலுடை கட்டாயமா?

போட்டிக்குப் போட்டி மாறும். மிஸ் வேர்ல்டு 2015இலிருந்து அந்தச் சுற்றை எடுத்துவிட்டது. மிஸ் யுனிவர்ஸில் இருக்கிறது, 2000இல் லாரா தத்தா நீச்சலுடை விருதையும் கிரீடத்தையும் சேர்த்தே வாங்கினார். விருப்பமில்லை என்றால் விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள், சேர்ந்த பிறகு பேரம் வேண்டாம்.

காலாப்பட்டு: காலேஜ்ல 15 பேர் கலந்துக்கற போட்டி. எத்தனை சப் டைட்டில் வைக்கலாம், மார்க் எப்படிப் போடறது?

நாலு, மிஞ்சினால் ஐந்து. பதினைந்து பேருக்குப் பன்னிரண்டு பட்டம் என்றால் அது பந்தியில் வடை போடுவது மாதிரி, கிடைக்காத மூன்று பேர்தான் நினைவில் நிற்பார்கள். ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு என்று வைப்பதானால் அதை முதல் நாளே அறிவியுங்கள். ‘பியூட்டிஃபுல் ஸ்கின்’ வைத்தால், நிறத்துக்கு மார்க் இல்லை என்று மார்க் கார்டிலேயே அச்சடியுங்கள்.

பத்துக்கு எத்தனை என்று கேட்டுக் கூட்டுவதில் ஒரு ஓட்டை உண்டு. ஒரு நடுவர் எல்லோருக்கும் 8, 9 போடுவார். இன்னொருவர் 4இலிருந்து 10 வரை போடுவார். கூட்டிப் பார்த்தால் இரண்டாமவர் ஒருவரே முடிவு செய்ததாக ஆகும். அதனால் ஒவ்வொரு நடுவரின் மார்க்கையும் 1, 2, 3 என்று வரிசையாக மாற்றி, அந்த வரிசை எண்களைக் கூட்டுங்கள். குறைந்த கூட்டுத்தொகை ஜெயிக்கும். சமமானால் யாருக்கு முதலிடம் அதிகம் என்று பாருங்கள். கார்டில் பேனா மட்டும், திருத்தினால் அருகில் சுருக்கொப்பம், இரண்டு பேர் தனித்தனியாகக் கூட்ட வேண்டும். சப் டைட்டில்களை முதல் ஐவர் பெயருக்கு முன்பே அறிவித்துவிடுங்கள். பின்னால் அறிவித்தால், வெளியேறியவர்களுக்குச் சமாதானம் சொல்வதாகவே கூட்டம் எடுத்துக்கொள்ளும்.

காலாப்பட்டு, அதே குழு: சாஷ் தைக்க அளவு?

10 செ.மீ. அகலம், 185 செ.மீ. நீளம், இரட்டை சாட்டின். எழுத்து 5 செ.மீ. உயரம். தோளிலிருந்து ஒரு சாண் விட்டு எழுத்தைத் தொடங்குங்கள், இல்லையென்றால் ‘மிஸ்’ முதுகுப் பக்கம் போய்விடும், படத்தில் ‘போட்டோஜெனிக்’ மட்டும் நிற்கும். வலது தோள், இடது இடுப்பு. சாட்டின் உடை மேல் சாட்டின் சாஷ் வழுக்கும், தோளில் உள்பக்கமாக ஒரு ஊக்கு, இடுப்பில் ஒன்று. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று, எம்பிராய்டரிக்காரரிடம் கொடுக்கும் முன் இரண்டு பேர் படியுங்கள், பிரித்துத் தைத்தால் ஊசித் துளை அப்படியே தெரியும்.