கிருமிநாசினி சோப் வீட்டுக்குத் தேவையா? டிரெசர் பதில் சொல்கிறார்

சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட கிளினிக்கில் டிரெசராக (மருத்துவ உதவியாளராக) இருந்து ஓய்வு பெற்றவன் நான். சோப், கிருமிநாசினி பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

கே (தாமானில் இருக்கும் ஓர் அம்மா): ஐயா, ‘99.9% கிருமிகளை அழிக்கும்’ என்று போட்ட சோப்தான் வாங்குகிறேன். சாதா சோப்பைவிட விலை அதிகம். தேவையா?

தேவையில்லைம்மா. கை கழுவும்போது கிருமி சாக வேண்டும் என்று கட்டாயமே இல்லை. எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து கையை விட்டுக் கழன்று தண்ணீரில் போனால் போதும், அதை சாதா சோப்பே செய்துவிடும். 20 விநாடி தேய்க்க வேண்டும், அவ்வளவுதான். பலர் உள்ளங்கையை மட்டும் தேய்த்துவிட்டு நகக்கண்ணையும் கட்டைவிரலையும் மறந்துவிடுகிறார்கள்.

99.9 என்பது ஆய்வுக்கூடத்தில், அவர்கள் தேர்ந்தெடுத்த கிருமிகளை வைத்து எடுத்த கணக்கு. பத்து லட்சம் கிருமி இருந்தால் அதிலும் ஆயிரம் மிச்சம்! 2005-இல் லான்செட் இதழில் கராச்சியில் செய்த ஆய்வு ஒன்று வந்தது. சோப் கொடுத்து கை கழுவப் பழக்கிய வீடுகளில், ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு நிமோனியாவும், பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு வயிற்றுப்போக்கும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. கிருமிநாசினி சோப் கொடுத்த வீட்டுக்கும் சாதா சோப் கொடுத்த வீட்டுக்கும் வித்தியாசம் இல்லை.

கே (கல்லூரி மாணவர்): அங்கிள், காசு வீண், சரி. கெடுதலும் உண்டா?

ட்ரைக்ளோசான் என்ற பெயரைக் கவனி, தம்பி. 2016-இல் அமெரிக்க உணவு, மருந்துத் துறை அதையும் சேர்த்து 19 கிருமிநாசினிப் பொருள்களை வீட்டு சோப்பில் போடக்கூடாது என்றது. சாதா சோப்பைவிட மேல் என்றோ, தினமும் நெடுநாள் பயன்படுத்தினால் பாதுகாப்பு என்றோ கம்பெனிகள் நிரூபிக்கவில்லை என்பதுதான் காரணம். ட்ரைக்ளோசான் விலங்குகளின் ஹார்மோனைக் குழப்புவதாக ஆய்வுகள் இருக்கின்றன. அதற்குத் தாக்குப்பிடிக்கும் பாக்டீரியா உருவாவதும் தெரிந்த விஷயம். மனிதருக்கு இன்ன நோய் வரும் என்று நிரூபணமாகவில்லை, பயந்து ஓட வேண்டாம். ஆனால் லாபமே இல்லாத ஒன்றுக்காக அந்தச் சந்தேகத்தை ஏன் விலை கொடுத்து வாங்க வேண்டும்? 2016-இல் வந்த அந்தத் தடையில் மருத்துவமனைகள் சேரவில்லை. அங்கே தேவை வேறு.

கே (தாடிகா என்ற பாலர் பள்ளி ஆசிரியை): கை, கால், வாய் நோய் வந்து போன வாரம் வகுப்பையே மூடினோம். சானிடைசர் பாட்டில் பாட்டிலாகத் தீர்கிறதே தவிர, பரவுவது நிற்கவில்லை.

டீச்சர், இங்கே பிரச்சினையே அந்த சானிடைசர்தான். இந்த நோய் எண்டெரோவைரஸால் வருவது. அதற்குக் கொழுப்பு உறை கிடையாது, அதனால் சானிடைசரில் இருக்கும் ஆல்கஹால் அதை அவ்வளவாகத் தொடாது. ‘ஆன்டிபாக்டீரியல்’ என்பது பாக்டீரியாவுக்கு, இது வைரஸ். கையைத் தண்ணீரிலும் சோப்பிலும் கழுவச் சொல்லுங்கள், முக்கியமாக பெம்பர்ஸ் மாற்றிய பிறகு. பிள்ளைக்குக் கொப்புளம் ஆறின பிறகும் பல வாரம் மலத்தில் வைரஸ் வெளியேறும்.

பொம்மை, மேசை, கதவுக் கைப்பிடிக்குத்தான் நிஜமான கிருமிநாசினி வேண்டும். முதலில் சோப் போட்டு அழுக்கை எடுங்கள், அழுக்கு இருந்தால் குளோராக்ஸின் (துணி வெளுக்கும் பிளீச்சின்) வீரியம் அதிலேயே தீர்ந்துவிடும். பிறகு வாசனை எதுவும் சேர்க்காத சாதா குளோராக்ஸ் 20 மில்லியை ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரில் கலந்து துடைத்து, பத்து நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது.

கே (ஒட்டுக்கடைக்காரர்): அண்ணே, குளோராக்ஸும் கழிவறை ஆசிட்டும் சேர்த்து ஊற்றினால் பளிச்சென்று இருக்கிறது.

ஐயோ, இன்றோடு நிறுத்துங்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய கழிவறையில் நுரையீரலைப் பிடித்துவிடும். அமோனியா, வினிகர், டெட்டால் எதோடும் குளோராக்ஸைக் கலக்காதீர்கள். மூச்சு முட்டினால் உடனே வெளியே காற்றுக்கு வந்துவிட வேண்டும். மறுபடி உள்ளே போய்க் கழுவி முடிக்கிறேன் என்று நிற்காதீர்கள்.

கே (செம்பனை வெட்டுபவர்): எலி மூத்திரக் காய்ச்சலுக்கு பயந்து டெட்டால் சோப்தான் போடுகிறேன். சரிதானே?

எலி மூத்திரத்தில் இருக்கும் பாக்டீரியாதான் இந்தக் காய்ச்சலைத் தருகிறது. அது வெட்டுக்காயம், கண், வாய் வழியாக உள்ளே போகும். சாயங்காலம் போடும் சோப் எந்த சோப்பாக இருந்தாலும், காலையில் சேற்றில் நின்றபோது நுழைந்ததைத் தடுக்காது. பூட்ஸ் போடுங்கள், கீறலுக்குத் தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டுங்கள், கையைக் கழுவாமல் சாப்பிடாதீர்கள். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் பனடோல் போட்டுப் படுக்காமல் கிளினிக்குக்குப் போய், ‘நான் செம்பனைத் தோட்டத்தில் வேலை’ என்று முதலிலேயே சொல்லுங்கள். ஆரம்பத்தில் பிடித்தால் ஆன்டிபயாட்டிக் நன்றாகக் கேட்கும்.

கே: அப்பாவுக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்). கால் புண்ணை டெட்டால் தண்ணீரில் ஊறவைக்கலாமா?

வேண்டாம், தோல் ஊறி, வெந்து, புண் பெரிதாகும். ஓடும் தண்ணீரில் மெதுவாகக் கழுவி, சுத்தத் துணியால் மூடி, அன்றைக்கே கிளினிக்கில் காட்டுங்கள்.

கே: கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீரில் இரண்டு சொட்டு டெட்டால்?

அதுவும் வேண்டாம்மா. வெறும் தண்ணீரும் மிதமான குழந்தை சோப்பும் போதும்.

கே: வீட்டில் பூனை இருக்கிறது. தரைக்கு டெட்டால் ஊற்றித் துடைக்கலாமா?

சாதா சோப்புத் தண்ணீரே போதும். டெட்டாலில் இருக்கும் குளோரோசைலெனால் பூனைக்கு விஷம். காலில் பட்டதை நக்கி உள்ளே எடுத்துக்கொள்ளும், அதன் ஈரல் அதைச் சமாளிக்காது. ஊற்றியே ஆக வேண்டும் என்றால் தண்ணீரால் மறுபடி துடைத்து, தரை நன்றாகக் காய்ந்த பிறகு பூனையை உள்ளே விடுங்கள்.