சோக்கை எடுத்தால் நின்றுவிடுகிறது!

கேள்வி: இது என் முதல் வண்டி. பதினேழு வருடப் பழைய 100 சிசி பைக், செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். வாங்குவதற்கு முன் ஒரு வருடமாக ஓடாமல் நின்றிருக்கிறது. சோக் போட்டால் ஸ்டார்ட் ஆகிறது, சோக்கை எடுத்ததும் நின்றுவிடுகிறது. எஞ்சினை இறக்கி போர் வேலை பார்க்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். ஏமாந்துவிட்டேனா?

பதில்: வண்டியைப் பார்க்காமல் அதைச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் எஞ்சினை இறக்கச் சொல்லும் அறிகுறி ஒன்றுகூட இல்லை. போர், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரின் உள்சுவர், தேய்ந்த வண்டி வேறு மாதிரி அழும். சைலென்சரில் நீலப்புகை வரும், ஆயில் அளவு மளமளவென்று குறையும், கிக்கரைக் கையால் மெல்ல அமுக்கினால் எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று இறங்கும். இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். மூன்றும் இல்லையென்றால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் பக்கம் வாருங்கள்.

சோக் என்ன செய்கிறது? உள்ளே போகும் காற்றை மறித்து, அந்த உறிஞ்சலில் பெட்ரோலைக் கூடுதலாக இழுக்கிறது. சோக் போட்டால்தான் ஓடும் என்றால், மற்ற நேரத்தில் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். ஒரு வருடம் நின்ற வண்டியில் இதற்கு முதல் சந்தேகம் ஸ்லோ ஜெட்தான். ஆக்சிலேட்டரை முறுக்காதபோது எஞ்சினுக்குப் பெட்ரோல் விடும் சின்னப் பித்தளைத் துண்டு அது. கார்புரேட்டர் கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகிப் போகும்போது பிசின் மாதிரி ஒரு படிவை விட்டுச் செல்கிறது. ஸ்லோ ஜெட்டின் துவாரமோ அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அடைக்கக் கேட்கவா வேண்டும்!

எஞ்சின் ஆறியிருக்கும்போது, காற்றோட்டமான இடத்தில், பக்கத்தில் தீயோ பீடியோ இல்லாமல், பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். அடியில் தண்ணீர் முத்து முத்தாக நின்றாலோ, செந்தூள் படிந்தாலோ, டேங்க்கிலேயே வில்லங்கம் இருக்கிறது. டேங்க்கைச் சுத்தம் செய்யாமல் ஜெட்டை எத்தனை முறை கழுவினாலும் அடுத்த வாரம் அதே கதைதான்.

பிறகு கார்புரேட்டரைக் கழற்றுங்கள். காற்றின் அளவைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவை எடுக்கும் முன் அதை உள்பக்கமாக மெல்லத் திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். மாட்டும்போது அதே அளவுக்கு வெளியே எடுக்க வேண்டும். மனதில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஜெட்டைக் கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்து, காற்றழுத்தத்தில் ஊதி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துவாரம் வட்டமாகத் தெரிய வேண்டும். கம்பியை விட்டுக் குத்த வேண்டாம். பித்தளை மென்மையானது, துவாரம் பெரிதானால் ஜெட் வீண். ஸ்ப்ரே அடிக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள், அது எந்த ஓட்டை வழியாகத் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. அப்புறம், கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பரை வளைத்துப் பாருங்கள். அதில் விரிசல் இருந்து காற்றை இழுத்தாலும் இதே நோய்தான்.

என் முதல் வண்டி ஆறேழு கிலோமீட்டர் போனதும் நின்றுவிடும். பத்து நிமிடம் நின்றால் மறுபடி ஓடும். பிளக் மாற்றினேன், காயில் மாற்றினேன், கார்புரேட்டரை மூன்று தடவை கழுவினேன். ஒரு நாள் பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று டேங்க் மூடியைத் திறந்தேன். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனது, அடுத்த கிக்கில் வண்டி ஸ்டார்ட்! மூடியில் காற்று போக இருக்கும் சின்னத் துளையை, டேங்க்குக்குப் போட்ட பாலிஷாலேயே நான் அடைத்து வைத்திருந்தேன். காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் எப்படி இறங்கும்? அன்றிலிருந்து எதையும் விலை கொடுத்து மாற்றும் முன், கழற்றத் தேவையில்லாதவற்றை எல்லாம் ஒரு சுற்று பார்ப்பது என் வழக்கம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது குணமாக்கியது என்று கடைசிவரை தெரியாது.

கேள்வி: நானே ஆயில் மாற்றினேன். வீட்டிலிருந்த கார் ஆயிலை ஊற்றினேன். இப்போது ஆக்சிலேட்டரை முறுக்கினால் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை.

பதில்: கிளட்ச் வழுக்குகிறது. பெரும்பாலான பைக்குகளில் எஞ்சின் ஆயிலிலேயேதான் கிளட்ச் பிளேட்டுகளும் ஊறிக் கிடக்கும். உராய்வைக் குறைப்பதற்கென்று சில கார் ஆயில்களில் சேர்க்கும் சரக்கு, உராய்ந்தால்தான் வேலை செய்யும் பிளேட்டுக்கு ஆகாது. டப்பாவில் ஜாசோ (JASO, ஜப்பானியத் தரக்குறி) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கும் ஆயிலை, உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் கிரேடில் வாங்குங்கள். எம்பி என்று இருந்தால் அது ஸ்கூட்டருக்கு.

ஆனால் ஆயிலை வடிக்கும் முன் கிளட்ச் லீவரை ஆட்டிப் பாருங்கள். நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை சும்மா ஆட வேண்டும். ஆட்டமே இல்லாமல் கேபிள் இறுகியிருந்தால் எந்த ஆயில் ஊற்றினாலும் வழுக்கும். இரண்டையும் சரிசெய்து கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகும் வழுக்கினால், பிளேட் தேய்ந்திருக்கலாம். வடிகால் போல்ட்டைத் திரும்ப மாட்டும்போது முதல் சில சுற்றுகளை விரலாலேயே ஏற்றுங்கள். அலுமினியத்தில் மரை போய்விட்டால் அது தனி வேலை.

கேள்வி: எஞ்சின் கவர் ஸ்க்ரூக்களின் கூட்டல்குறி வழவழவென்று ஆகிவிட்டது. எப்படிக் கழற்றுவது?

பதில்: ஜப்பானிய வடிவமைப்பு வண்டியாக இருந்தால் அந்த ஸ்க்ரூ பெரும்பாலும் ஜேஐஎஸ், அதாவது ஜப்பானியத் தர வகை. நம் வீட்டு ஸ்க்ரூ டிரைவர் பிலிப்ஸ் வகை. பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் பலமாகத் திருகினால் டிரைவர் துள்ளி வெளியே வந்து ஸ்க்ரூவின் தலையைச் சிதைக்கும். துரு இளக்கும் எண்ணெயை ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் சுத்தியலால் அடிக்க அடிக்கத் திரும்பும் இம்பாக்ட் டிரைவரைப் பிடியுங்கள். மாட்டும்போது தலையில் ஆறுகோணக் குழி உள்ள ஆலன் போல்ட்டாக மாற்றிவிடுங்கள், நீளம் மட்டும் பழையதோடு ஒத்திருக்கட்டும்.

கேள்வி: வாங்கிய பைக்கில் டயர் பூ அப்படியே இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

பதில்: பூவைப் பார்த்து மயங்க வேண்டாம், வயதைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3412 என்றால் 2012ஆம் ஆண்டின் 34ஆவது வாரத்தில் செய்தது. அவ்வளவு பழைய ரப்பர் இறுகிப்போய் ஈரச் சாலையில் பிடிக்காது. பக்கவாட்டில் மயிரிழை விரிசல் தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், மாற்றுங்கள். அந்த எண் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கலாம். காணோம் என்றால் மறுபக்கம் போய்க் குனியுங்கள்.