பாக்கி 55

அன்புள்ள அக்கா,

எனக்கு 31 வயது. பெரம்பூரில் வீடு, சோழிங்கநல்லூரில் வேலை. காலை 4.30க்கு எங்கள் சபையின் போன் ஜெபம். வெள்ளி உபவாசம், சனி பாடகர் குழு பயிற்சி, ஞாயிறு பள்ளியில் சின்ன வகுப்பு. ஒரு நாள் அலாரம் கேட்காமல் தூங்கிவிட்டால் அன்று முழுக்க ஆண்டவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டார் என்று தோன்றுகிறது. பயிற்சிக்கே வராதவர்கள் ஞாயிறன்று வந்து முன்வரிசையில் நின்று பாடினால் எரிச்சல் தாங்கவில்லை. அவர் எனக்குச் செய்ததையெல்லாம் நான் எப்படித்தான் திருப்பிச் செலுத்தப்போகிறேன்? மூன்று மாதம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஓய்வெடுத்தால் அது பின்மாற்றமா, விசுவாசத்தை விட்டு விலகுவதா? வேறு சபைக்குப் போகலாமா? எந்த மொழிபெயர்ப்பை வாசிப்பது நல்லது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

எது புரிகிறதோ அந்த மொழிபெயர்ப்பை வாசியுங்கள். சபை மாறுவதை இப்போது யோசிக்க வேண்டாம். இந்த மனசோடு எங்கே போனாலும் இரண்டே மாதத்தில் அங்கேயும் சின்ன வகுப்பு எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

'திருப்பிச் செலுத்த' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் நின்றுவிட்டேன். போன வாரம் அம்மாவின் டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது ஒரு 80 பக்க நோட்டு கிடைத்தது. அம்மா வேதம் வாசித்த கணக்கு. வேதாகமத்தில் 1,189 அதிகாரம். வாரநாளில் மூன்று, ஞாயிறு ஐந்து என்று வாசித்தால் ஒரு வருஷத்தில் முடிந்துவிடும். புரசைவாக்கத்து வீட்டில் அடுப்படி ஜன்னலில்தான் அந்த நோட்டு இருக்கும். பென்சிலால் கட்டம் போட்டு, கட்டத்துக்குள் டிக். நான் ஆறாவது படித்தபோது அம்மாவுக்கு டைபாய்டு வந்தது. 17 நாள், நடுவில் இரண்டு ஞாயிறு. எழுந்து உட்கார முடிந்த அன்றே கணக்குப் போட்டு எழுதியிருக்கிறாள், 'பாக்கி 55' என்று. அடியில் இரண்டு கோடு.

அந்தப் பாக்கியை அடைக்க அம்மா பட்ட பாடு! கஞ்சி ஆறிக்கொண்டிருக்கும், அவள் எண்ணாகமத்தின் பெயர்ப் பட்டியலில் விரல் வைத்து ஓட்டிக்கொண்டிருப்பாள். ஒரு வார்த்தை மனசில் தங்கியிருக்காது. அந்த வாரத்தில் ஒரு நாள் நான் பால் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டேன். அம்மா என்னை அடித்தாள். அதற்கு முன்னும் பின்னும் அவள் என்மேல் கைவைத்ததில்லை.

மத்தேயு 18ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜாவுக்கு ஒருவன் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் கூலியாளின் ஒரு நாள் கூலி. மொத்தம் 6 கோடி நாள் கூலி. வருஷம் 300 நாள் உழைத்தாலும் 2 லட்சம் வருஷம் ஆகும். அவன் என்ன கேட்கிறான்? "என்னிடத்தில் பொறுமையாயிரும், எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்." தவணை கேட்கிறான்! ராஜா தவணை கொடுக்கவில்லை. அவனை 'விடுதலைபண்ணி, கடனையும் அவனுக்கு மன்னித்துவிட்டான்' என்று இருக்கிறது. விடுதலை, மன்னிப்பு, இரண்டும் ஒரே மூச்சில். கேட்டதோ தவணை.

அப்புறம் அவன் வெளியே போய் நூறு வெள்ளிப்பணம் கடன்பட்டவனின் தொண்டையை ஏன் பிடிக்கிறான்? நன்றிகெட்டவன் என்று பிரசங்கத்தில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அது போதவில்லை. கடன் போய்விட்டது என்பதை அவன் நம்பவே இல்லை என்றுதான் நினைக்கிறேன். மனசுக்குள் இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறான். அதனால்தான் கண்ணில் பட்டவனிடமெல்லாம் வசூலிக்கப் போகிறான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், சொல்லத்தான் வேண்டும். பயிற்சிக்கு வராத அந்தப் பிள்ளைகள் உங்களுக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள்? நீங்கள் தூக்கத்தை விற்றுக் கட்டுகிற தவணையை அவர்கள் கட்டவில்லை, அதுதானே எரிச்சல்? அந்தத் தவணையை உங்களிடம் யார் கேட்டது? கர்த்தருடைய ஜெபத்தில் 'எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்' என்று மத்தேயுவில் அச்சாகியிருக்கிறது. தினமும் அதைச் சொல்லிவிட்டு, எழுந்ததும் வட்டி கட்டப் போகிறீர்கள். அவமானப்படுத்துவது யாரை என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் வீட்டிலிருந்து எட்டும் தூரத்தில் இருக்கிற வேப்பேரியில்தான் ஜெர்மன் மிஷனரி பப்ரிசியுஸ் ஐயர் பல வருஷம் வேதாகமத் தமிழைத் திருத்திக்கொண்டிருந்தார். 1791இல் இறந்தார். கடைசிக் காலத்தில் கடனுக்காகச் சிறையிலும் கிடந்தார். அங்கே ஜெபத்தில் 'எங்கள் கடன்களை மன்னியும்' என்ற வரிக்கு வரும்போது அவர் குரல் எப்படி இருந்திருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

'அப்படியானால் இஷ்டத்துக்கு இருக்கலாமா' என்று யாராவது உங்களிடம் கேட்பார்கள். ரோமர் 6இல் பவுல் அதற்குக் 'கூடாதே' என்று பதில் சொல்லிவிட்டார். உங்கள் வியாதி அது இல்லை.

அம்மாவைப் பார்க்க சபை ஐயர் வந்தார். "55 அதிகாரம் பாக்கி நிக்குது ஐயரே" என்று அம்மா அழுதாள். அவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். என் பென்சிலைக் கேட்டார். 'பாக்கி 55' மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். அந்தப் பக்கம் முழுக்க நீளமாக, கிழிந்துவிடும்போல அழுத்தி. "தூங்குங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜெபம்கூடப் பண்ணாமல் போய்விட்டார். அம்மாவுக்கு அவர்மேல் ஒரு மாதம் கோபம். ஆனால் அன்று மத்தியானம் பாயில் வாய் திறந்தபடி தூங்கினாள். பகலில் அம்மா தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. செத்துவிட்டாளோ என்று பயந்து மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தேன்.

நோட்டில் அதற்குப் பிறகு ஒரு டிக்கும் இல்லை. அம்மா வேதம் வாசிப்பதை விடவில்லை, சாகும்வரை வாசித்தாள். சில நாள் ஒரே சங்கீதத்தை நாலு தரம் வாசிப்பாள்.

மூன்று மாதம் ஓய்வெடுங்கள். சின்ன வகுப்பை வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள். முதலில் இன்று ராத்திரி அந்த 4.30 அலாரத்தை எடுத்துவிடுங்கள். எத்தனை மணிக்கு விழிப்பு வந்தது என்று எனக்கு எழுத வேண்டாம், அதுவும் ஒரு கணக்காகிவிடும்.

அன்புடன்,
அக்கா