பூப்பு, மாதவிடாய் நிற்றல்: வாசகர் கேள்விகள்

நான் 11 வயதில் பூப்படைந்தேன். மகளும் அப்படித்தானா?

மரபின் பங்கு ஏறக்குறைய பாதி. மீதி உடல் எடை, ஊட்டம், நாள்பட்ட நோய்கள். ஓரிரு ஆண்டு முன்பின் ஆகலாம். 8 வயதுக்கு முன் மார்பு வளர்ந்தாலோ, 15 முடிந்தும் மாதவிடாய் வராவிட்டாலோ, ‘எங்கள் குடும்பத்தில் இப்படித்தான்’ என்று இருந்துவிடாதீர்கள்.

மகனுக்கு 14 முடிந்தும் குரல் உடையவில்லை. என் கணவருக்கும் தாமதமாகத்தான் உடைந்ததாம்.

பெரும்பாலும் குடும்பவழித் தாமதம்தான். ஆனாலும் பரிசோதனை வேண்டும்: விரையின் கொள்ளளவு 4 மி.லி.யை எட்டியதா, இடக்கை எக்ஸ்ரேயில் எலும்பு வயது (எலும்பு வளர்ச்சி எந்த வயதுக்கு ஒத்திருக்கிறது) என்ன? அவனுக்கு வாசனை தெரிகிறதா என்றும் கேளுங்கள். மோப்பமே இல்லையென்றால் அது வெறும் தாமதமல்ல.

அம்மாவுக்கு 38-லேயே நின்றுவிட்டது. எனக்கு 33. எனக்கும் சீக்கிரம் நிற்குமா?

எப்படி நின்றது என்று எழுதவே இல்லையே! எத்தனை முறை சொல்வது? கருப்பையை எடுத்தால் ரத்தப்போக்குதான் நிற்கும். சினைப்பைகளை விட்டுவைத்திருந்தால் அவை வழக்கம்போல் சுரக்கும். அந்த 38 மரபுக் கணக்கில் சேராது. கீமோதெரபியால் நின்றதும் சேராது. அம்மாவிடம் கேளுங்கள்: அறுவைச் சிகிச்சை நடந்ததா, எதை எடுத்தார்கள், அதற்கு முன் மாதவிடாய் ஒழுங்காக வந்ததா, திடீர் வியர்வையும் உடல் சூடும் எந்த வயதில் தொடங்கின?

தானாக நின்றதென்றால் அசட்டையாக இருக்காதீர்கள். 40-க்கு முன் நிற்பது சுமார் நூறில் ஒருவருக்கு. எஃப்.எம்.ஆர்.1 மரபணுச் சோதனை பற்றிக் கேளுங்கள், அந்த மரபணுவில் சி.ஜி.ஜி. என்ற மூன்றெழுத்து டி.என்.ஏ. தொடர் 55 முதல் 200 முறை அடுத்தடுத்து வந்தால், ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு முன்கூட்டியே நின்றுவிடுகிறது. குடும்பத்தில் அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள பையன்களோ, கை நடுக்கமுள்ள முதியவர்களோ உண்டா? அவையும் இதே மரபணுவால் வரலாம். அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். குழந்தை வேண்டுமென்றால் தள்ளிப்போடாதீர்கள். புகைப்பவரானால் உடனே விடுங்கள். அது ஓரிரு ஆண்டை விழுங்கும்.

அப்பா வழியையும் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். அத்தைமாரிடமும் விசாரியுங்கள். எம்.கே.ஆர்.என்.3 மரபணுப் பிழையால் வரும் முன்கூட்டிய பூப்பு அப்பா வழியில் வந்தால்தான் வெளிப்படும்.

ரத்தச் சோதனையில் ஏ.எம்.எச். (சினைப்பையில் சுரக்கும் ஒரு ஹார்மோன்) குறைவு. கருத்தரிக்க முடியாதா?

அப்படிப் பொருள் இல்லை. எஞ்சிய முட்டைகளின் தோராய எண்ணிக்கை அது. இயல்பாகக் கருத்தரிக்கும் வாய்ப்பைச் சொல்லாது.

கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் முட்டைகள் மிச்சமாகுமா?

ஆகாது. முட்டை வெளிவராத மாதத்திலும் நூற்றுக்கணக்கில் அழியும். மாத்திரை இடைவெளியில் வரும் ரத்தப்போக்கைப் பார்த்து ‘ஒழுங்காகத்தான் வருகிறது’ என்றும் கணக்குப் போடாதீர்கள். அது மாத்திரையை நிறுத்தியதால் வருவது.