ஃபயர்வாலை அணைத்தால் இரவு நேர பேக்கப் ஓடுமா?

இரவு 2 மணிக்கு ஓட வேண்டிய பேக்கப் லேப்டாப்பில் ஓடுவதே இல்லை, ஃபயர்வாலை அணைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அணைக்காதீர்கள். விண்டோஸ் ஃபயர்வால் இயல்பாக, வெளியிலிருந்து கேட்காமல் வரும் இணைப்புகளைத்தான் தடுக்கும். நீங்களே விதி எழுதியிருந்தால் ஒழிய, வெளியே போவதைத் தடுக்காது. பேக்கப் வெளியே போகும் வேலை. ஆகவே முதல் சந்தேகம், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகத் தொடங்கும் விண்டோஸ் கருவியான டாஸ்க் ஷெட்யூலர் மீதுதான்.

அதில் பேக்கப் வேலையின் பண்புகளை (Properties) திறந்து, நிபந்தனைகள் (Conditions) பக்கத்துக்குப் போங்கள். மின் இணைப்பில் இருந்தால் மட்டுமே தொடங்கு என்ற கட்டத்தில் ஏற்கெனவே டிக் இருக்கும். பாட்டரியில் இருக்கும் லேப்டாப்பில் வேலை ஓசையின்றி விடுபட்டுப் போக இதுவே போதும்! டிக்கை எடுத்துவிடுங்கள். உறக்கத்திலிருந்து கணினியை எழுப்பும் தேர்வும் கீழேயே இருக்கிறது, அதை இயக்குங்கள். அதே பண்புகளின் அமைப்புகள் (Settings) பக்கத்தில், நேரம் தவறினால் கூடிய விரைவில் ஓட்டு என்பதற்கும் டிக் போடுங்கள். கணினி அணைந்தே கிடந்த இரவுகளுக்கு இதுதான் கைகொடுக்கும்.

ஃபயர்வாலில் கை வைக்க வேண்டியது, வேறொரு கணினியின் பேக்கப்பை உங்கள் கணினி வாங்கிக்கொள்ளும்போது மட்டுமே. அப்போதும் அந்த ஒரு நிரலை மட்டும், தனிப்பட்ட (Private) நெட்வொர்க்கில் மட்டும் அனுமதியுங்கள். வீட்டு வைஃபை தவறுதலாகப் பொது (Public) நெட்வொர்க் என்று பதிவாகியிருந்தால் இந்த அனுமதி அங்கே செல்லாது, அதையும் பார்த்துவிடுங்கள்.