லெகோவில் மலை ரயில்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

போன வாரம் என் ஊட்டி ரயில் மாடலின் படங்களைப் போட்டதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, இங்கே ஒரே இடத்தில் பதில் சொல்கிறேன். குறுகிய பாதை ரயில் என்றால் எனக்கு உயிர். அதனால் சில பதில்கள் நீளமாகத்தான் இருக்கும்.

கேள்வி: வழக்கமான லெகோ தண்டவாளத்தில் ஊட்டி ரயில் செய்தேன். 6 ஸ்டட் (கட்டையின் மேலுள்ள குமிழ்) அகலத்தில் பெட்டி, நீல நிறம், எல்லாம் சரி. ஆனாலும் பார்த்தால் மலை ரயில் மாதிரியே இல்லை. என்ன குறை?

குறை நிறத்தில் இல்லை, விகிதத்தில் இருக்கிறது. குறுகிய பாதை ரயிலின் முகமே, தண்டவாளத்துக்கு வெளியே பெட்டி எவ்வளவு பிதுங்கி நிற்கிறது என்பதுதான். சக்கரங்கள் உள்ளே ஒளிந்திருக்கும், உடல் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும்.

லெகோவின் வழக்கமான பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கு உள்ளிடைவெளி ஏறக்குறைய 37.5 மி.மீ. உங்கள் 6 ஸ்டட் பெட்டி 48 மி.மீ. அதாவது பாதையைப் போல 1.3 மடங்குகூட இல்லை. நம் அகலப்பாதையையே எடுத்துக்கொள்ளுங்கள்: பாதை 1,676 மி.மீ., பெட்டி சுமார் 3,250 மி.மீ., கிட்டத்தட்ட 2 மடங்கு. ஊட்டி ரயில் ஓடும் மீட்டர் கேஜில் (1,000 மி.மீ. பாதை) பெட்டி அதைவிடவும் அதிகமாகப் பிதுங்கும். ஆக, நீங்கள் செய்திருப்பது அகலப்பாதையை விடவும் அகலமான பாதையில் ஓடும் ஒல்லிப் பெட்டி. கண் அதை உடனே கண்டுபிடித்துவிடுகிறது.

இதற்கு இரண்டு வழி. பாதையை அப்படியே வைத்துக்கொண்டு உடலைப் பெரிதாக்கலாம். இல்லையென்றால் உடலை அப்படியே வைத்துப் பாதையைச் சிறிதாக்கலாம். இதை முடிவு செய்யாமல் ஒரு கட்டையைக்கூட எடுக்காதீர்கள். சக்கரம், மோட்டார், வளைவு எல்லாமே இந்த ஒரு முடிவின் பின்னால்தான் வரும்.

கேள்வி: அக்கா, இரண்டில் எது நல்லது? கணக்கோடு சொல்லுங்கள்.

கணக்கு எளிது. நிஜப் பாதையின் அகலத்தை மாடல் பாதையின் அகலத்தால் வகுத்தால் அளவு விகிதம் கிடைக்கும்.

வழக்கமான 37.5 மி.மீ. பாதையை மீட்டர் கேஜாக வைத்தால் 1,000 ÷ 37.5, ஏறக்குறைய 1:27. டார்ஜிலிங் ரயிலின் 610 மி.மீ. பாதையாக வைத்தால் 1:16. கால்கா–சிம்லாவின் 762 மி.மீ. என்றால் 1:20. எல்லாமே பெரிய மாடல்கள். எஞ்சினுக்குள் மோட்டாரும் பேட்டரியும் தாராளமாக உட்காரும், ஆனால் மினிஃபிக் (லெகோவின் குட்டி மனிதப் பொம்மை) ஓட்டுநர் அதில் பொம்மைக்குள் பொம்மையாகத் தெரிவார்.

இப்போது மறுபக்கம். மினிஃபிக் ஏறத்தாழ 40 மி.மீ. உயரம். நம் அகலப்பாதை 1,676-ஐ 37.5-ஆல் வகுத்தால் 1:45 வருகிறது. அந்த அளவில் மினிஃபிக் 1.8 மீட்டர் ஆள். அதாவது லெகோவின் சாதாரணத் தண்டவாளம், மினிஃபிக் உயரத்தை வைத்துப் பார்த்தால், அப்படியே இந்திய அகலப்பாதை! இதே 1:45-இல் மீட்டர் கேஜ் எவ்வளவு? 22 மி.மீ. சொச்சம். சுரங்க வண்டி செட்டுகளில் வரும் 4 ஸ்டட் அகலத் தண்டவாளம் இருக்கிறதே (2009-இல் வந்த 7199 செட்டில்கூட அது உண்டு), அதன் தண்டவாளங்கள் நடுக்கு நடு ஏறத்தாழ 3 ஸ்டட். கிட்டத்தட்ட அதே அளவுதான்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், மேட்டுப்பாளையம் ஸ்டேஷனை ஒரே அளவில் செய்துவிடலாம் என்பது. சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸுக்கு வழக்கமான பாதை, பக்கத்தில் மலை ரயிலுக்கு 4 ஸ்டட் பாதை. இரண்டும் ஒரே மேடையில், ஒரே மினிஃபிக் பயணிகளோடு. அகலப்பாதைப் பெட்டியை 9 ஸ்டட் அகலத்தில் செய்யுங்கள். மலை ரயில் பெட்டியை 6-இல் தொடங்குங்கள், படிப்பலகைக்கு இருபுறமும் அரை ஸ்டட் விட்டால் 7 ஆகிவிடும்.

எது நல்லது என்றால், ஓடவேண்டும், எஞ்சின் நுணுக்கம் வேண்டும் என்பவர்களுக்கு 1:27. காட்சி, ஸ்டேஷன், ஊர், ஆட்கள் வேண்டும் என்பவர்களுக்கு 1:45.

கேள்வி: 7 ஸ்டட் அகலத்தை இரட்டைப்படை அடிச்சட்டத்தின் மேல் எப்படி நடுவில் வைப்பது?

ஜம்பர் பிளேட். 1×2 பிளேட்டின் (மெல்லிய தட்டைக் கட்டை) நடுவில் ஒரே ஒரு ஸ்டட் இருக்குமே, அது. 4 மி.மீ. நகர்த்திக் கொடுக்கும். அடிச்சட்டத்தின் இரு முனையிலும் ஒரு வரிசை, நடுவில் ஒரு வரிசை போட்டால் போதும்.

கேள்வி: ஊட்டி ரயிலின் எக்ஸ் வகுப்பு நீராவி எஞ்சினை 1:27-இல் கம்ப்யூட்டரில் வடிவமைக்கிறேன். எட்டுச் சக்கரங்களும் இணைந்தவை. வளைவில் திரும்ப மறுக்கிறது.

எக்ஸ் வகுப்பு 0-8-2, அதாவது இணைந்த எட்டுச் சக்கரங்கள், பின்னால் இரண்டு சிறிய சக்கரங்கள். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்த வடிவம், பிறகு நம் பொன்மலைப் பணிமனையிலும் புதிதாகக் கட்டினார்கள். லெகோவின் வழக்கமான வளைவு 40 ஸ்டட் ஆரம், அதாவது 320 மி.மீ. நான்கு அச்சுகளை 4 ஸ்டட் இடைவெளியில் வைத்தால் முதலுக்கும் கடைசிக்கும் நடுவே 96 மி.மீ. எல்லாச் சக்கரத்திலும் தண்டவாளத்தின் உள்பக்கம் பிடிக்கும் விளிம்பு இருந்தால் திரும்பவே முடியாது.

முதல் அச்சிலும் நான்காம் அச்சிலும் மட்டும் விளிம்புள்ள சக்கரம் போடுங்கள். நடு இரண்டுக்கும் விளிம்பில்லாத சக்கரம். லெகோவின் எமரால்டு நைட் நீராவி ரயில் செட்டோடு வந்த பெரிய சக்கரத்தில் இரண்டு வகையும் உண்டு. இப்படிச் செய்தால் வளைவில் நடுச் சக்கரங்கள் தண்டவாளத்தின் மேல் 3.2 மி.மீ. பக்கவாட்டில் நகரும். சரியாக ஒரு பிளேட்டின் தடிமன். அந்த நகர்வுக்கு அடிச்சட்டத்தில் உள்ளே இடம் இருக்கிறதா, இணைப்புத் தண்டு எதிலாவது இடிக்கிறதா என்று திரையிலேயே பார்த்துவிடுங்கள். பின்னால் உள்ள சிறிய அச்சை விறைப்பாகக் கட்டாமல் தனியாகத் திரும்பும்படி தொங்கவிடுங்கள்.

இன்னொன்று. இடது பக்கத் தண்டும் வலது பக்கத் தண்டும் கால் சுற்று தள்ளி இருக்கவேண்டும். இரண்டும் ஒரே கோணத்தில் இருந்தால் தண்டு நேர்கோட்டுக்கு வரும் இடத்தில் சிக்கிக்கொள்ளும். டெக்னிக் (லெகோவின் இயந்திரப் பாகங்கள்) அச்சு கூட்டல் குறி வடிவம் என்பதால் 90 பாகை தானாகவே அமைகிறது.

முகப்பில் மறக்கக்கூடாதது, ஒவ்வொரு பக்கமும் மேலும் கீழுமாக அடுக்கிய இரண்டு சிலிண்டர்கள். அதுதான் எக்ஸ் வகுப்பின் அடையாளம். 2×2 உருளைக் கட்டைகளைப் படுக்கவைத்துச் செய்யலாம்.

கேள்வி: கல்லாறு–குன்னூர் பல் தண்டவாளத்தை (எஞ்சினின் பல்சக்கரம் பிடித்து ஏறும் நடுத் தண்டவாளம்) நிஜமாகவே வேலை செய்யும்படி செய்யமுடியுமா?

முடியும். இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்!

முதலில் சாய்வு. அங்கே அதிகபட்சம் 12-க்கு 1. லெகோ நேர்த் தண்டவாளம் ஒன்று 128 மி.மீ., ஒரு கட்டையின் உயரம் 9.6 மி.மீ. ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் ஒரு கட்டை உயர்த்தினால் சுமார் 13-க்கு 1. ஏறக்குறைய நிஜமேதான். சாதாரண லெகோ ரயில் இதில் ஏறாது, சக்கரம் வழுக்கும். பல் இல்லாமல் ஏறவேண்டும் என்றால் தண்டவாளத்துக்கு ஒரு பிளேட், அதாவது 40-க்கு 1, அதற்கு மேல் போகாதீர்கள்.

பல்லுக்கு டெக்னிக்கின் 1×4 பற்சட்டம். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே ஸ்லீப்பரில் ஸ்டட் இருக்கும், அதன் மேல் பிளேட் வைத்து உயரத்தைச் சரிசெய்து வரிசையாக ஒட்டிக்கொண்டே போகலாம். எஞ்சினுக்கு அடியில் 16 பல் சக்கரம். லெகோ பல்சக்கரத்தில் பற்களின் எண்ணிக்கையே மி.மீ.-இல் அதன் விட்டம். 16 பல் என்றால் மையத்திலிருந்து 8 மி.மீ., சரியாக ஒரு ஸ்டட். வடிவமைக்க வசதி.

இப்போது முக்கியமான விஷயம். பல்சக்கரத்தையும் ஓட்டும் சக்கரங்களையும் ஒரே மோட்டாரில் பூட்டாதீர்கள். ஒரு சுற்றுக்குப் பல்சக்கரம் 50 மி.மீ. நகர்த்தும், சக்கரம் வேறு தூரம் நகர்த்தும். இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, பல் தாவும் அல்லது சக்கரம் உரசும். நிஜ எஞ்சினிலும் இதே சிக்கல்தான், அதனால்தான் நான்கு சிலிண்டர். உயரழுத்தச் சிலிண்டர்கள் சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். அவற்றிலிருந்து வெளிவரும் நீராவி தாழழுத்தச் சிலிண்டர்களுக்குப் போய்ப் பல்சக்கரங்களைச் சுற்றும். பல் இல்லாத பகுதியில் முதல் ஜோடி மட்டும் வேலை செய்யும். ஒரே உடலுக்குள் இரண்டு எஞ்சின்.

நாமும் அப்படியே செய்யலாம். லெகோவின் பவர்டு அப் ஹப்பில் (மோட்டார்களை இயக்கும் பேட்டரிப் பெட்டி) இரண்டு போர்ட் இருக்கிறது. ஒன்றில் சக்கர மோட்டார், இன்னொன்றில் பல் மோட்டார். ஏற்றத்தில் பல் மோட்டார் இழுக்க, சக்கர மோட்டாருக்குக் கொஞ்சம் குறைந்த சக்தி கொடுத்தால் போதும்.

பல் தொடங்கும் இடத்தில் பல்லோடு பல் மோதி எஞ்சின் தூக்கியடிக்கும். முதல் பற்சட்டத்தை ஒரு கீல் பிளேட்டில் வைத்து, அடியில் ரப்பர் துண்டு கொடுங்கள். மோதினால் அமுங்கி, அடுத்த பல்லில் உட்கார்ந்துகொள்ளும்.

இதற்கு லெகோவிலேயே முன்னோடி உண்டு. 1987-இல் வந்த 6990 மோனோரயிலில் பாதை முழுக்கப் பல்தான், வண்டி அதைப் பிடித்துத்தான் ஓடியது.

கேள்வி: ஏற்றத்தில் காந்த இணைப்பு விட்டுப்போய்ப் பெட்டிகள் கீழே ஓடிவிடுகின்றன.

எஞ்சினைக் கீழ்ப்பக்கம் போடுங்கள். நீலகிரியில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டுதான் ஏறும், ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பிடிக்க ஆள் நிற்பார். தள்ளும்போது வளைவில் காந்தம் பக்கவாட்டில் மடங்கும், அதனால் காந்தத்துக்குப் பதில் டெக்னிக் தண்டால் பெட்டிகளை இணைத்துவிடுவது நல்லது.

கேள்வி: கொழும்பிலிருந்து எழுதுகிறேன். களனிவெளிப் பாதையின் பழைய ரயில் செய்ய ஆசை. எந்த அளவு?

அருமையான தேர்வு. களனிவெளி 762 மி.மீ. பாதை, 1990-களில் அகலப்பாதையாக மாற்றிவிட்டார்கள். 4 ஸ்டட் தண்டவாளத்தில் வைத்தால் சுமார் 1:35, மினிஃபிக் கொஞ்சம் குள்ளமாகத் தெரிவார், ஆனால் உறுத்தாது. அங்கே ஓடிய, எஞ்சினும் பெட்டியும் ஒன்றான சென்டினல் நீராவி ரயில்காரிலிருந்து தொடங்குங்கள். பெட்டி வடிவம், இணைப்புத் தண்டுத் தொல்லை குறைவு. மோட்டாரை உடலுக்குள் படுக்கவைத்து டெக்னிக் அச்சு வழியாக அடியிலுள்ள சக்கரச் சட்டத்துக்கு இறக்கலாம். லெகோவின் ரயில் மோட்டார் வழக்கமான பாதைக்கு மட்டுமே பொருந்தும் என்பதால் வேறு வழியும் இல்லை. 4 ஸ்டட் பாதைக்குச் சுரங்க வண்டிச் சக்கரங்கள் பெட்டிகளுக்குப் போதும். ஓட்டும் சக்கரத்தை 3டி பிரிண்டரில் எடுக்கவேண்டியிருக்கும்.

கேள்வி: பெட்டியின் பக்கவாட்டில் அடுத்தடுத்து கதவுகள். அந்தக் கோடுகளை எப்படிக் காட்டுவது?

சுவரைப் படுக்கவைத்துக் கட்டுங்கள். 5 பிளேட் அடுக்கினால் 16 மி.மீ., அதாவது சரியாக 2 ஸ்டட் அகலம். ஒரு கதவை 5 பிளேட்டாகப் படுக்கவைத்தால், அடுத்தடுத்த பிளேட்டுகளுக்கு நடுவே உள்ள மெல்லிய கோடே கதவுக் கோடாகிவிடும். கீழே நீலம், மேலே கிரீமுக்கு டேன் நிறம். கைப்பிடிக்கு ஒரு சிறிய கிளிப் போதும், அதற்கு மேல் போனால் பெட்டி கனத்துத் தெரியும்.

கேள்வி: நான் ஏழாம் வகுப்பு. என்னிடம் கட்டைகள் கொஞ்சம்தான் இருக்கின்றன. எப்படிப் பழகுவது அக்கா?

பிரிக்லிங்க் ஸ்டுடியோ இலவச மென்பொருள், கம்ப்யூட்டரில் எத்தனை கட்டை வேண்டுமானாலும் எடுக்கலாம் தம்பி. நீ எடுக்கும் கட்டை அந்த நிறத்தில் நிஜமாகவே வந்திருக்கிறதா என்றும் காட்டும், நீல நிற ரயிலுக்கு அது ரொம்ப உதவும். முதலில் எஞ்சின் வேண்டாம். பெட்டியை நடுவில் வெட்டினால் எப்படித் தெரியும் என்று ஒரே ஒரு துண்டு மட்டும் செய்: தண்டவாளம், சக்கரம், தரை, சுவர், கூரை. அந்தத் துண்டையே 5 ஸ்டட், 6 ஸ்டட், 7 ஸ்டட் அகலத்தில் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். எது மலை ரயில் என்று உனக்கே தெரிந்துவிடும். அதைப் படம் எடுத்து அனுப்பு, கூரை வளைவுக்கு எந்தக் கட்டை என்று பார்த்துச் சொல்கிறேன்.